நகராத கோடு

முப்பிடாதியின் கட்டுரையில் ஆல்வின் முதலில் அடித்தது அதன் முதல் வரியை. ‘மனிதன் கூடி வாழப் பிறந்தவன்’ என்று அது தொடங்கியிருந்தது.

“ஏன்ணே? நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. இந்த வாரம் வந்த எல்லாப் பிள்ளைகளும், என்ன தலைப்புன்னாலும், இதையேதான் நல்லா எழுதிட்டு வந்திருக்கு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அரசு உறைவிடச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஒருவர் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம். தவறினால் மேலே படிக்க வழியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கல்லூரியில் மதிப்பெண் பார்ப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வக்கீலுக்கு வேண்டியது எதிரே இருப்பவரின் மனத்தை நகர்த்தும் திறமைதானே என்று ஒரே ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பை அவர்களே ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அதை வாசிப்பவரின் மனம் எவ்வளவு நகர்கிறது என்று ஒரு கருவி அளக்கும். நாற்பது புள்ளி நகர்ந்தால் இடம். முப்பிடாதிக்கு வந்த தலைப்பு: ‘சண்டையிட்டுப் பேசாமல் இருக்கும் இருவரில் முதலில் பேச வேண்டியவர் யார்?’

கட்டுரையைத் திருத்தவும் அளக்கவும் உரிமம் பெற்ற திருத்து நிலையங்கள் ஊருக்கு ஒன்று இருந்தன. பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது ஆல்வின் வேலை பார்த்த நிலையம். முப்பது வயதைத் தாண்டியவன். முன்பு நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவன். அடுத்தவர் எழுதிய வாக்கியத்தைப் பார்த்ததும் எங்கே வலிக்கிறது என்று கைவைத்துச் சொல்லிவிடுவான்.

“நீ சொல்ல வாறது என்ன? அதை மட்டும் வாயால சொல்லு.”

“சரியா இருக்கவங்கதான் மொதல்ல பேசணும்.”

“தப்பு செஞ்சவன்லா வந்து பேசணும்? ஊர்ல அப்படித்தான சொல்லுவாங்க?”

“அவனுக்கு எப்படிண்ணே வாய் வரும்? தப்பு செஞ்ச பாரம் ஒரு பக்கம், வெக்கம் ஒரு பக்கம். சரியா இருக்கவனுக்கு ஒரு பாரமும் இல்ல. சுமை இல்லாதவன்தான மொதல்ல எட்டு வைக்க முடியும்?”

ஆல்வின் நிமிர்ந்து பார்த்தான். “இது கட்டுரையில எங்க இருக்கு?”

“கடைசிப் பக்கத்துல.”

“அதுக்கு முன்னால எல்லாம் உங்க சித்தப்பாவைத் திட்டியிருக்கியே, பிள்ள.”

அவள் சிரித்துவிட்டாள். அவள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருந்தும் பேசுவதில்லை.

அப்போது படியேறி வந்தாள் ஞானதீபம். ஐம்பதை நெருங்கும் வயது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவள்தான் அந்த நிலையத்தின் வாசகி. அந்தத் தொழிலுக்குப் ‘புதுக்கண்’ என்று பெயர்.

“இதுதான் பிள்ளையா? என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிருக்க? கட்டுரை எழுதுதியா, கட்டுரை உன்னை எழுதுதா?”

“தீபம் அக்கா, இன்னைக்குக் கட்டுரையோட மொதல் படி. உக்காருங்க.”

ஞானதீபம் தன் கைப்பேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆல்வின் அவள் நெற்றியில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டினான். பிறகு வெளியே வந்து முப்பிடாதியைத் திரைமுன் உட்காரவைத்தான். திரையில் பச்சையாக ஒரு கோடு படுத்துக் கிடந்தது.

“அவங்க மனசு உன் பக்கம் சாய்ஞ்சா கோடு ஏறும். எரிச்சல் வந்தா இறங்கும்.”

“கோடு ஏறினா நம்பிட்டாங்கன்னு அர்த்தமா?”

“நகந்திருக்காங்கன்னு அர்த்தம். கதவுகிட்ட வந்து நிப்பாங்க. திறக்கதும் திறக்காததும் அவங்க இஷ்டம்.”

“அடுத்த படியையும் இவங்கதான் வாசிக்கணுமா?”

“எழுதி எழுதித் திருத்துத மூணு படியையும் ஒரே ஆள்தான் வாசிக்கணும். மூணாவது படிக்கு வாற புள்ளிதான் கணக்கு. ஆளுக்கு ஆள் மனசு வேறல்லா? ஆனா போன தடவை வாசிச்சது ஞாபகம் இருந்தா மறுபடி புதுசா வாசிக்க முடியாது. அதுக்குத்தான் மாத்திரை. வாசிச்ச கையோட போட்டுக்கிட்டா, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மனசுல பதியாமலே கலைஞ்சு போயிரும். எழுந்தா எழுதாத சிலேட்டு.”

உள்ளே ஞானதீபம் வாசிக்கத் தொடங்கினாள். சித்தப்பாவைத் திட்டிய இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியது. பழமொழிகள் அடுக்கிய பத்தியில் அசையாமல் கிடந்தது. ஓரிடத்தில், யாரும் எதிர்பாராமல், குத்தென்று மேலே எழுந்தது. ஆல்வின் அந்த வரியைப் பார்த்தான். ‘மழை வந்தால் சித்தி கொடியில் போட்ட துணி எங்கள் பக்கம் பறந்து விழும். அம்மா அதை எடுத்து மடித்து, ஒன்றும் பேசாமல் சுவர் மேல் வைப்பாள்.’

“இதை ஏன் நடுவுல ஒளிச்சு வச்சிருக்க?”

“இதெல்லாம் கட்டுரையில வரலாமான்னு பயந்துதான்.”

“இதுதான் மொதல்ல வரணும்.”

மொத்தம் இருபத்திரண்டு புள்ளி. மோசமில்லை. ஆல்வின் மாத்திரையைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனான். முப்பிடாதி கதவருகில் நின்றாள்.

ஞானதீபம் பட்டையைக் கழற்றாமலே கை நீட்டினாள். “ஆல்வின், உன் போனைக் கொஞ்சம் குடு.”

“எதுக்குக்கா?”

“ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

ஆல்வின் திகைத்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து அவன் ஒருமுறைதான் கேட்டிருந்தான். அதுவும் மரத்துப்போன குரலில். விதி நினைவுக்கு வந்தது. வாசிப்பின் சூடு ஆறுவதற்குள் மாத்திரை கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் வாசகி வெளியாள் யாரோடும் பேசக்கூடாது. அந்த நேரத்தில் அவள் சொன்னதைப் பிறகு அவளிடமே சொல்லவும் கூடாது. சொன்னால் அவள் புதுக்கண் இல்லை.

“மொதல்ல மாத்திரைக்கா.”

“ஆமா, ஆமா. அதுதான வேலை.” அவள் குழந்தைபோல வாங்கி விழுங்கினாள். கண் சொருகும்போது, “முழிச்சதும் ஞாபகப்படுத்தேன்,” என்றாள்.

எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தவள், “முடிஞ்சுதா? நல்லா வாசிச்சேனா?” என்று கேட்டுக்கொண்டே தூக்கைத் திறந்தாள்.

அவள் கீழே இறங்கிப் போன பிறகு முப்பிடாதி கேட்டாள். “ஸ்டெல்லான்னா யாருண்ணே?”

“தீபம் அக்காவோட கூடப் பிறந்த அக்கா. சாயர்புரத்துல இருக்காங்க. இவங்க அம்மா இறந்தப்போ பெருமழை. ஆத்துல வெள்ளம், பாலத்துல பஸ் போகல. இவங்க சுத்தி நடந்து போய்ச் சேந்தப்போ அடக்கம் முடிஞ்சு மண்ணு போட்டுட்டாங்களாம். கடைசியா முகம் பாக்க விடலியேன்னு இவங்களுக்குக் கோவம். அன்னையில இருந்து அக்காகிட்ட ஒரு பேச்சு கிடையாது. சர்ச்ல அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எல்லாரும் முன்னால போவோம். மனத்தாங்கல் வச்சிருக்கவங்க எங்க ஊர்ல போக மாட்டாங்க. இவங்க பெஞ்சுலேயே உக்காந்திருப்பாங்க.”

“அப்ப இவங்கதான சரியா இருக்கவங்க?”

ஆல்வின் கட்டுரையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அந்த வாரம் முழுவதும் திருத்தம் நடந்தது. திட்டிய பக்கங்கள் போயின. பழமொழிகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதற்காக அவள் சண்டை போட்டாள். சுவர்மேல் வைத்த துணி முதல் வரிக்கு வந்தது. ‘ஒருவேளை’, ‘என்று தோன்றுகிறது’ என்று வந்த இடங்களையெல்லாம் ஆல்வின் எடுத்துவிட்டான். “நீயே தயங்கினா வாசிக்கவங்க எப்படிப் பிள்ள நகருவாங்க?” சுமை இல்லாதவர் முதலில் நடக்கட்டும் என்ற வாக்கியம் கட்டுரையின் நடுவில் தூண்போல நின்றது.

இரண்டாம் படியை வாசித்தபோது கோடு படிப்படியாக ஏறியது. முப்பத்தாறு. நாற்பதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முப்பிடாதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் உள்ளே பார்த்தாள். ஞானதீபம் அழுதுகொண்டிருந்தாள்.

ஆல்வின் தட்டோடு போனபோது அவள் தலையை ஆட்டினாள். “இந்தத் தடவை வேண்டாம்ப்பா. போனைக் குடு. அவ சோறு பொங்குத நேரம்தான் இது, வீட்லதான் இருப்பா.”

“அக்கா...”

“இது போயிரக் கூடாது, ஆல்வின். இப்பதான் வந்துச்சு.”

அவன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான். அங்கே அந்தப் பெண், மூன்று வாரமாகத் தூங்காத கண்ணோடு. இங்கே இந்தப் பெண். இப்போது பேசவிட்டால் மூன்றாம் படியை வாசிக்க ஆள் இல்லை, படிப்பு போய்விடும். பேசவிடாவிட்டால் என்ன போகும் என்பதை அளக்க அவனிடம் கருவி இல்லை. தட்டை நீட்டினான். அவள் சிறிது நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வேலை என்றால் வேலைதான் என்பதுபோல எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

எழுந்தபோது கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “என்ன ஈரமா இருக்கு? அழ வச்சிட்டாளா இந்தப் பிள்ள? கெட்டிக்காரி!” என்று சிரித்தாள்.

முப்பிடாதி சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை ஆல்வினோடு பேசாமல் நடந்து வந்தவள் அங்கே நின்று சொன்னாள். “அண்ணே, அவங்க கதவு வரைக்கும் வந்துட்டாங்க. நாமதான் ரெண்டு தடவை கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டோம்.”

“மூணாவது படி வேண்டாம்னு சொல்லுதியா?”

“வேணும்,” என்றாள் மெதுவாக. “அதான் கஷ்டமா இருக்கு.”

ஆல்வின் வீட்டுக்குப் போகும் வழியில் தேவாலய வாசலில் வண்டியை நிறுத்தினான். என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியவில்லை. இருவரில் ஒருவருக்காகக் கேட்டால் மற்றவருக்கு எதிராகக் கேட்டதுபோல ஆகும். பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். சில நேரங்களில் அவ்வளவு சொன்னாலே போதும் போலிருக்கிறது.

மூன்றாம் வாசிப்பு ஒரு திங்கட்கிழமை. கட்டுரை கூழாங்கல்போல மழுங்கி வழவழப்பாகியிருந்தது. ஒரு சொல்லை எடுக்கவோ சேர்க்கவோ இடமில்லை. ஞானதீபம் உற்சாகமாக வந்தாள். வாசிப்பு நாளில் சொந்தக் கதை பேசக் கூடாது என்பதால் ஆல்வின் எதுவும் கேட்கவில்லை. பட்டையைக் கட்டினான். கதவைச் சாத்தினான்.

கோடு நகரவில்லை.

முதல் வரியில் நகரவில்லை. சுவர்மேல் துணி வைத்த இடத்தில் நகரவில்லை. ஆல்வின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. கோடு மழைக்கு முந்திய குளம்போலக் கிடந்தது. முடிவில் இரண்டு புள்ளி என்று காட்டியது.

“கெடுத்துட்டோம்ணே,” என்றாள் முப்பிடாதி. “ரொம்பத் தேச்சுட்டோம்.”

ஆல்வின் உள்ளே போனான். ஞானதீபம் தாள்களை அடுக்கி மடியில் வைத்திருந்தாள். முகம் அமைதியாக இருந்தது.

“நல்லா எழுதியிருக்கா. ஆனா ஒண்ணு கேக்கேன். இதைச் சொல்லித்தான் தெரியணுமா? நாமளே போய்ப் பேசிர வேண்டியதுதான. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான இது?”

ஆல்வின் மாத்திரைத் தட்டை மேசையில் வைத்தான். “அக்கா, இந்த வாரம் என்ன நடந்துச்சு? விதியெல்லாம் இருக்கட்டும். சொல்லுங்க.”

“நல்ல காரியம்தான்.” அவளுக்கு வெட்கமாக இருந்தது. “நேத்துத் திருவிருந்து. பக்கத்துல இருந்தவங்க போக வழிவிட்டுக் காலை ஒதுக்கணும். எப்பவும் ஒதுக்குவேன். நேத்து என்னமோ ஒதுக்க முடியல. எழுந்திருச்சேன். பீடத்துக்குப் போக மனசு வரல. அப்படியே வெளிய நடந்து சாயர்புரம் பஸ்ஸைப் புடிச்சிட்டேன்.”

“என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“என்னத்தைச் சொல்ல? கதவைத் தட்டினேன். திறந்தா. என்னைப் பாத்தா. ‘உள்ள வா, ரசம் கொதிக்கு’ன்னா.” ஞானதீபம் சிரித்தாள். “அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தோம்.”

முப்பிடாதி கதவருகில் வந்து நின்றிருந்தாள். ஞானதீபம் அவளைப் பார்த்தாள், ஆல்வினைப் பார்த்தாள், மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். அதன் மேல்மூலையில் ‘மூன்றாம் படி’ என்று இருந்தது.

“எவ்வளவு வந்திருக்கு?”

ஆல்வின் கையிலிருந்த அளவுத் தாளைக் கவிழ்த்துப் பிடித்தான்.

“ஆல்வின், நான் இந்தத் தொழில்ல புதுசில்ல. எவ்வளவு?”

“ரெண்டு.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “மொத ரெண்டு தடவை வாசிச்சப்போ நான் என்ன சொன்னேன்? சொல்லக் கூடாதுன்னு தெரியும். சொல்லு.”

“போனைக் கேட்டீங்க. ரெண்டு தடவையும்.”

ஞானதீபம் நெற்றிப் பட்டையை மெதுவாகக் கழற்றினாள்.

“அப்ப இது கலையவே இல்ல. சொல்லு போயிருக்கு; சொன்னது போகல.” திடீரென்று ஏதோ தோன்றியவளாக, “போன வருசம் எனக்குக் காபி கசந்து போச்சே, நீ அல்சர்னு சொல்லி டாக்டர்கிட்ட விரட்டினியே? யாராச்சும் காபி கெடுதல்னு எழுதிட்டு வந்தாங்களா?”

ஆல்வின் தலையைக் குனிந்தான். “கன்னியாகுமரிப் பையன். நாப்பத்தெட்டு எடுத்தான்.”

“அடப் பாவி!” என்றவள் சிரித்தே விட்டாள். முப்பிடாதிக்கும் கண்ணீருக்கு நடுவே சிரிப்பு வந்தது.

ஆனால் தட்டில் மாத்திரை இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அதை இப்போது விழுங்கினால் இந்தப் பேச்சும் சேர்ந்து போய்விடும். ஸ்டெல்லா இருப்பாள், வேலையும் இருக்கும், ஞானதீபத்துக்கு ஒரு குறையும் தெரியாது. இந்தப் பெண்ணின் படிப்பு மட்டும் போகும். விழுங்காவிட்டால் இன்னொரு வழி இருந்தது. அளவுத் தாளின் அடியில் வாசகர் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. மாத்திரை போட்டவருக்கு எழுத என்ன இருக்கும்? அதில் உண்மையை எழுதினால் தேர்வுக் குழு மறுவாசிப்புக்கு விடலாம். ஆனால் வாசித்தது உள்ளே தங்குகிறது என்று தெரிந்த வாசகியின் உரிமத்தை அன்றே ரத்து செய்வார்கள். ஞானதீபத்துக்குக் கணவர் இல்லை. இந்த வேலையில்தான் அவள் குடும்பம் ஓடியது.

“அக்கா, போட்டுக்கோங்க,” என்றாள் முப்பிடாதி. “நான் வேற ஏதாவது பாத்துக்கிடுவேன். உங்க வேலை போயிரும்லா?”

ஆல்வினும் சொன்னான். “அக்கா, பிள்ளை சொல்லுதது சரிதான். நான் ஏதாவது காரணம் எழுதிப் பாக்கேன்.”

“என்ன காரணம்? பொய்க் காரணமா?” ஞானதீபம் தட்டைத் தள்ளி வைத்தாள். “ரெண்டு பேரும் கேளுங்க. இவ கட்டுரை தோத்திருக்குன்னு அந்தப் பெட்டி சொல்லுது. தோக்கலைன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். அதை நானே முழுங்கிட்டு நாளைக்கு எந்த முகத்தோட திருவிருந்துப் பந்திக்குப் போவேன்? ஸ்டெல்லாகிட்டப் போனதுக்கு அர்த்தம் என்ன?”

பேனாவை வாங்கினாள். கட்டத்துக்குள் அடக்கமாக எழுதினாள்: ‘இந்தக் கட்டுரை என்னை முன்பே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சேர்ந்தவரை மேலும் நகர்த்த முடியாது. நேற்று என் அக்காவைப் பார்த்துப் பேசினேன்.’ கையெழுத்துப் போட்டாள்.

முப்பிடாதி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “ஏட்டி, சேலை நனையுது. புதுசு. ஸ்டெல்லா குடுத்தது,” என்றாள் ஞானதீபம்.

தேர்வுக் குழுவிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். உரிமத்தை வாங்கிக்கொண்டார். நிலையத்தை விசாரணை முடியும்வரை மூடச் சொன்னார். ஞானதீபத்தை மட்டுமல்ல, மற்ற ஊர்களின் புதுக்கண்களையும் சோதித்தார்கள். விசாரணையின் கடைசி நாளில் அந்த அம்மா ஆல்வினிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“எல்லார்கிட்டயும் தடம் இருக்கு. ஒருத்தர் காரணம் தெரியாம மாமிசத்தை விட்டிருக்கார். அதுகூடப் பரவால்ல. ஒருத்தர் பக்கத்து வீட்டு வடநாட்டுக் குடும்பத்தோட பேச்சை நிறுத்திட்டார். அவங்க ஒரு தப்பும் பண்ணல. அவர் வெளியூர்க்காரங்களுக்கு எதிரான கட்டுரை நிறைய வாசிச்சிருக்கார், அவ்வளவுதான்.”

“நாங்க கழுவிட்டோம்னு நெனச்சோம், மேடம்.”

“நாங்களும்தான். இனிமே மாத்திரையைக் கட்டாயம்னு சொல்ல முடியாது. அவங்க என்ன வாசிச்சாங்கன்னு தெரிஞ்சிக்கிற உரிமையாவது அவங்களுக்கு இருக்கணும்.”

அவர் போன பிறகு ஆல்வின் தான் மெருகேற்றிய கட்டுரைகளை நினைத்துப் பார்த்தான். தூக்குத் தண்டனை வேண்டும் என்று எழுதியவன், முதியோருக்கு வைத்தியச் செலவு வீண் என்று எழுதியவள். எத்தனை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறான்! ஒவ்வொன்றும் தீபம் அக்காவின் வழியாகப் போயிருக்கிறது. அத்தனைக்கும் பிறகு அந்த மனத்தில் இவ்வளவு ஈரம் மிஞ்சியிருக்கிறது என்றால் அது தங்கள் திறமையால் அல்ல, கடவுளின் காவலால்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

முப்பிடாதிக்கு மறுவாசிப்பு கிடைத்தது. மதுரையில், வேறொரு வாசகர் முன்னால். அதற்குள் கட்டுரையில் கடைசியாக ஒருமுறை கைவைக்கலாம் என்று அனுமதித்தார்கள்.

அவளும் ஆல்வினும் சாயர்புரம் போனார்கள். ஞானதீபம் இப்போது அங்கேதான் இருந்தாள். அக்காவோடு சேர்ந்து பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தாள். வேலை போன குறை முகத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஸ்டெல்லா பெரிய உடம்புக்காரி. வந்தவர்களை இலையில் உட்காரவைத்த பிறகுதான் பேரையே கேட்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் ஞானதீபம் முப்பிடாதியைத் தையல் மெஷின் பக்கம் அழைத்தாள். “ஏட்டி, இத்தனை வருசம் வாசிச்சதுல எனக்கு ஞாபகம் இருக்கது உன் கட்டுரை ஒண்ணுதான். அதனால ஒரு குத்தம் சொல்லிக்கிடுதேன். கோவிச்சுக்காத.”

“சொல்லுங்கக்கா.”

“சரியா இருக்கவங்க மொதல்ல பேசணும்னு எழுதியிருக்க. நானும் நான்தான் சரின்னு நெனச்சுத்தான் வந்தேன். அடக்கத்தைப் பத்தி ஸ்டெல்லா வாயைத் திறக்கவே மூணு வாரம் ஆச்சு. அன்னைக்குக் குழிக்குள்ள தண்ணி ஊறி வந்திருக்கு. சர்ச் ஐயரு இப்ப வைக்காட்டா உடம்பை வைக்க இடமே இருக்காதுன்னுட்டாரு. இவ பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு, தங்கச்சி வருவா, தங்கச்சி வருவான்னு தண்ணி முழங்கால் வரை வாற வரைக்கும் நின்னிருக்கா. நான் போன் எடுக்கலை. டவர் விழுந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு முந்தின மாசம் என்னமோ வாய்ச்சண்டை. அந்தக் கோவத்துல பெத்த தாய் முகம் பாக்கக்கூட வரலைன்னு அவ நெனச்சிட்டா. தான்தான் சரின்னு அவளும் இத்தனை வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்கா.”

அடுப்படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. “பழசை எதுக்கு இழுக்க? பிள்ளைக்குக் கருப்பட்டி எடுத்துக் குடு.”

“குடுக்கேன், குடுக்கேன்.” ஞானதீபம் குரலைத் தாழ்த்தினாள். “யாரு சரிங்கது பேசினதுக்குப் பொறவுலா தெரியுது?”

முப்பிடாதி பையிலிருந்து தாளை எடுத்துத் தையல் மெஷின் மேலேயே விரித்து வைத்து, கடைசிப் பத்தியை அடித்தாள்.

ஆல்வின் பதறினான். “யோசிச்சுக்கோ. அந்தப் பத்திதான் ஏத்தம். தயங்கி முடிச்சா கோடு இறங்கும். எனக்குத் தெரிஞ்ச தொழில் இது.”

“தெரியும்ணே. ஆனா இது யாரோ ஒருத்தர் மனசுக்குள்ள தங்கப் போவுதுல்லா? தப்பா இருக்கதை எப்படித் தங்க விடுவேன்?”

அவள் எழுதியதை அவன் திருத்தவில்லை. ‘ஒருவேளை நான் சரியாக இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது முதலில் நான் பேசுகிறேன்’ என்று கட்டுரை இப்போது முடிந்தது. கட்டுரையில் அவன் தேடித் தேடி நீக்கிய அந்த ‘ஒருவேளை’ அங்கே உட்கார்ந்திருந்தது.

மதுரைக்கு நான்கு பேருமாகப் போனார்கள். ஸ்டெல்லா வழியெல்லாம் முறுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அங்கே வாசகர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், இறுகிய முகம். வெளியே பெஞ்சில் பெண்கள் மூவரும் உட்கார்ந்திருக்க, ஆல்வின் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோடு மெதுவாக ஏறியது. நடுவில் தூண்போல நின்ற வாக்கியத்தில் முப்பத்தெட்டைத் தொட்டது. கடைசிப் பத்தி வந்தது. அவன் சொன்னபடியே இறங்கத் தொடங்கியது. முப்பத்தாறு. முப்பத்தைந்து. ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அந்த மனிதர் தாளிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசிக்கவில்லை. ஆனால் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு?” என்றாள் ஞானதீபம் பெஞ்சிலிருந்து.

“நாப்பத்தொண்ணு.” அவன் அவர்கள் பக்கம் திரும்பினான். “இடம் கிடைச்சிட்டு.”

முப்பிடாதியின் இரண்டு பக்கமும் இருந்த சகோதரிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நாப்பது போதுமே. கூட ஒண்ணு எதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா.

“அது என் பங்கு,” என்றாள் ஞானதீபம்.

உள்ளே நிலையத்துப் பெண் ஒருத்தி தட்டோடு அவரிடம் போனாள். புதிய விதிப்படி அவள் கேட்டாள். “சார், மாத்திரை போட்டுக்கிறீங்களா? கட்டாயமில்லை. இந்தக் கட்டுரைக்கு இனி அடுத்த படி கிடையாது.”

அவர் மாத்திரையைப் பார்த்தார். தாள்களைப் பார்த்தார். இறுகிய முகம் அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் எங்கோ தூரத்தில், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு வீட்டு வாசலில் நின்றது.

“வேண்டாம்மா,” என்றார். “இது இருக்கட்டும்.”